இந்த விலைக்கு ரெண்டு வீடு

என் புருஷன் எந்தப் பொருளையும் கேட்ட விலை கொடுத்து வாங்கியதே கிடையாது. கொடுப்பதை விடுங்கள், கேட்ட விலையை அவர் வாயால் திருப்பிச் சொன்னதுகூடக் கிடையாது. கடைக்காரர் ஒரு தொகையைச் சொன்னதும் இவருக்குக் காது மந்தமாகிவிடும். "எவ்வளவு? எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே வலது கையை மணிக்கட்டோடு ஒரு சுழற்று சுழற்றி, "இந்த விலைக்கு ரெண்டு வாங்கலாமே!" என்பார். பிஸ்கட் பாக்கெட்டுக்கும் இதே வசனம்தான், கட்டிலுக்கும் இதே வசனம்தான். ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில், பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கினால் தள்ளுபடி உண்டா என்று கேட்ட மனிதர். தள்ளுபடி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அந்தப் பல் பிழைத்தது.

தொழில், சோபா தைப்பது. பழைய சோபாவுக்குப் புது ஸ்பிரிங், புதுப் பஞ்சு, புது உறை. தன்னிடம் யாராவது பேரம் பேசினால் மட்டும் முகம் சுண்டிப்போகும். "உழைப்புக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று என்னிடம் வந்து புலம்புவார். நான் முறைப்பேன், அவ்வளவுதான்.

என் அப்பா அவருக்கு வைத்த பெயர் அரைவிலை. நேரில் பார்த்தால் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று குழைவார். அந்தப் பக்கம் திரும்பியதும் "எங்கம்மா உன் அரைவிலை?" என்பார்.

அரைவிலையிடம் ஒரு வித்தை உண்டு. அதற்கு எங்கள் வீட்டில் 'முன்னால் ஆள் விடுவது' என்று பெயர். பெரிய பொருள் எதையாவது வாங்கப் போகும் முன், வேறு யாரையாவது அனுப்பி, அதில் நொட்டை சொல்லி, அடிமாட்டு விலைக்குக் கேட்க வைப்பார். விற்கிறவர் நொந்து நூலாகி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இவர் போய்க் கொஞ்சம் கூட்டிக் கேட்பார். அவருக்கு இவர் தெய்வமாகத் தெரிவார். எங்கள் பிரிட்ஜ் அப்படி வந்ததுதான். முன்னால் போன ஆள் என் நாத்தனார். அவர் பேசிய பேச்சில் பிரிட்ஜ் சொந்தக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். பின்னால் போன இவருக்கு ஐஸ் தட்டுகளை இலவசமாகவே கொடுத்து அனுப்பினார். அந்த பிரிட்ஜ் இன்றைக்கும் ஓடுகிறது. உள்ளே வைக்கிற பால்தான் திரிந்துபோகிறது.

இப்படிப்பட்ட மனிதரோடு வீடு வாங்கப் புறப்பட்டேன் என்றால் என் தைரியத்தை நீங்கள் மெச்ச வேண்டும்.

நாங்கள் வாடகைக்கு இருந்தது நாலாவது மாடியில். லிஃப்ட் உண்டு. அதன் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கும். அந்த அட்டை வெளுத்துப்போய், போன வருஷம் புது அட்டை மாற்றினார்கள். கட்டட நிர்வாகம் செய்த ஒரே பராமரிப்பு அதுதான்.

அப்பா எங்களோடுதான் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வேலையில் இருந்த காலம் முழுக்க ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. சமதரையில் கைத்தடியை ஊன்றி நடந்துவிடுவார். படி மட்டும் ஆகாது. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அவர் தெருவில் கால் வைக்கவில்லை. சமையலறை ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே போகிற பஸ்களையெல்லாம் அங்கிருந்தே ஓட்டிக்கொண்டிருந்தார். "ஒடிடா! ஒடிச்சு எடுடா! இண்டிகேட்டர் எதுக்குடா வெச்சிருக்கான்?" இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். டிரைவர்களுக்குக் கேட்காது. தெருவில் போகிறவர்கள் ஆகாயத்தைப் பார்ப்பார்கள்.

கீழே போக வேண்டும் என்று ஒரு நாள்கூட அவர் சொன்னதில்லை. நானாகக் கேட்டாலும், "கீழ என்ன இருக்கு? எல்லாம் இங்கேர்ந்தே நல்லா தெரியுது" என்பார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று நாள் முழுக்க மனிதர்களைக் கேட்பதுதான் என் பிழைப்பு. நாலாவது மாடியிலிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்களின் கூரை மட்டும்தான்.

அந்த வீட்டை நான் வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்துதான் பார்த்தேன். தனி வீடு. மாடி கிடையாது. வாசலில் சின்ன கேட்டு, உள்ளே நாலைந்து படி, நேர் எதிரே பஸ் நிறுத்தம். கேட்டில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கியது. 'வீடு விற்பனைக்கு' என்று சாக்பீஸில் எழுதி, கீழே விலையும் ஒரு போன் நம்பரும் போட்டிருந்தது. நாலைந்து படியைக் கைத்தாங்கலாக எப்படியாவது ஏற்றி இறக்கிவிடலாம் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

விலை அதிகம்தான், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு சின்ன அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அதற்கு அரண்மனை விலை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டால் முடியும், அவ்வளவு வரைக்கும் கடன் தருவோம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அரைவிலையைக் கூட்டிப்போய் எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துப் பலகையைக் காட்டினேன். அவர் நிழற்குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த விலைக்கு ரெண்டு வீடு வாங்கலாமே!"

"ரெண்டு வேணாங்க. ஒண்ணு போதும்."

"இங்க பாரு, பலகையில இருக்கற விலைய எழுதினவனே நம்ப மாட்டான். அக்காவ முன்னாடி விடறேன். பாதியாவது இறங்கும்."

"இது பிரிட்ஜ் இல்லங்க. அப்பாவுக்காகப் பாக்கறது. வேற யாராவது கொத்திட்டுப் போயிட்டா?"

"இந்த விலைக்கு எவன் வருவான்?" என்றார். அந்தக் கேள்விதான் அப்புறம் எங்களைப் போட்டு உலுக்கியது.

நாத்தனார் அழகு நிலையம் நடத்துகிறவர். யாருடைய முகத்தைப் பார்த்தாலும் அதில் என்ன குறை என்று சொல்லத் தெரிந்தவர். இந்த வேலைக்கு அவரை அடிக்க ஆள் கிடையாது. அடையாளம் தெரியக்கூடாது என்று என் கடையிலிருந்தே ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு ஒப்பித்தார்.

"குழாய் சொட்டுது. கூடத்துச் சுவர் ஓதம் காத்திருக்கு. ரெண்டையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே கையச் சுத்தி, இந்த விலைக்கு ரெண்டு வீடு வாங்கலாமேன்னு சொல்லி, பாதிக்குக் கேட்டேன்டா."

"அழுதாங்களா?" என்று ஆவலாகக் கேட்டார் தம்பிக்காரர்.

"அதான் இல்ல. வயசான அம்மா ஒருத்தங்க. தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டாங்க. 'ரொம்ப நன்றி, பாத்துக்கறேன்'னாங்க."

அடுத்த வாரம் பஸ்ஸில் போகும்போது பலகையைப் பார்த்தேன். விலை ஏறியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணில் கோளாறோ என்று திரும்பும்போதும் பார்த்தேன். ஏறித்தான் இருந்தது.

அரைவிலைக்குத் தூக்கம் போயிற்று. ஆள் விட்டு விலை ஏறியதாக அவர் சரித்திரத்திலேயே கிடையாது. "எவனோ போட்டிக்கு வந்துட்டான்" என்றார். அந்த வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் போய் சோப்பு வாங்குகிற மாதிரி விசாரித்தார். போட்டி உண்மைதான் என்று தெரிந்தது. நேற்றுகூட ஹெல்மெட் போட்ட ஒருத்தன் வந்து வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தானாம்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இவர் அந்த ஹெல்மெட்காரனைத் திட்டாத திட்டு இல்லை. "குடும்பம் நடத்தற வீட்டப் பாக்க வர்றவன் ஹெல்மெட்டக்கூடவா கழட்ட மாட்டான்? திருட்டுப் பய!"

என் தம்பியும் சாப்பிட வந்திருந்தான். கூரியர் டெலிவரி செய்கிறவன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். வழக்கமாக மூன்றாம் முறை சோறு கேட்கிறவன் அன்றைக்கு ஒரே முறையோடு கை கழுவினான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாமாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று இவனாகவே முன்னால் ஆளாகப் போய் வந்திருக்கிறான், மடையன். விஷயம் பின்னால்தான் வெளிப்பட்டது.

அடுத்த வாரம் பலகையில் விலை இன்னும் ஏறியது. இந்த முறை வீட்டு முன்சுவரில் பெரிதாக ஒரு புது ஜன்னல் முளைத்திருந்தது. அதற்கடுத்த வாரம் வாசலில் தார்ப்பாய் கட்டி உள்ளே ஏதோ வேலை நடந்தது. விலை மறுபடி ஏறியது. இப்போது அது வங்கி சொன்ன எல்லையைத் தாண்டி, நாங்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது.

மளிகைக் கடையிலிருந்து இன்னொரு தகவல் வந்தது. "யாரோ பெரிய வியாபாரியாம். தினமும் மத்தியானம் போன் பண்ணி அந்த அம்மாகிட்ட விசாரிக்கறானாம். ஏழெட்டு வீடு வெச்சிருக்கானாம். ஒம்பதாவதா இதையும் கேக்கறான்" என்று இவர் பொருமினார்.

"யாரு மாப்பிள்ளை அவன்?" என்று கேட்டார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடியே.

"எவனோ பேராசை புடிச்சவன் மாமா. படுபாவி, நம்ம வாயில மண்ணப் போடறான்."

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றார் அப்பா.

நான் அன்றைக்குக் கோபத்தில் இருந்தேன். "எல்லாம் உங்களாலதாங்க. முதல் நாளே கேட்ட விலைக்கு ஒத்துக்கிட்டிருந்தா இந்நேரம் அப்பா வாசல்ல நின்னு பஸ் பாத்துக்கிட்டிருப்பாரு. உங்க வித்தையக் கொண்டுபோய் அந்த பிரிட்ஜுக்குள்ள வெச்சுப் பூட்டுங்க!" என்று கத்திவிட்டேன். இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு குஷனைத் தைக்க உட்கார்ந்தார். தப்பும் தவறுமாகத் தைத்தார். கடைசியில், "ஞாயித்துக்கிழமை நேர்ல போய்ப் பேசறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"நானும் வர்றேன்."

"எப்படிப்பா வருவீங்க? நாலு மாடி."

"நீங்க வெலையப் பேசுவீங்க. வண்டி நிறுத்த எடம் இருக்கான்னு யாரு பாக்கறது?"

"நம்மகிட்ட வண்டியே இல்லையேப்பா."

"அதுக்காக எடம் வேணாமா?"

இந்தக் குடும்பத்தில் வாதம் செய்து ஜெயிக்க என்னால் முடியாது. இவர் கை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பாவை அதில் உட்கார வைத்து, சோபாவுக்கு அடியில் இழுத்துக் கட்டுகிற பட்டை நாடாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். தம்பியைப் போன் போட்டு வரவழைத்தோம். முன்னால் தம்பி, பின்னால் மாப்பிள்ளை, நடுவில் பறக்கிற டிரைவர்.

"லெஃப்ட்ல ஒடி. ஒடி, ஒடி, ஒடி... போதும். நேராக்கு. டேய், முன்னாடி பாத்து வா, பின் சக்கரம் நிக்கலை."

"பின் சக்கரம் நான்தான் மாமா" என்றார் என் புருஷன், மூச்சு வாங்கியபடி.

"தெரியுது மாப்பிள்ளை. காத்து போன மாதிரி இருக்கு."

இரண்டாவது மாடியில் இருவரும் கீழே வைக்கப் பார்த்தார்கள். "இங்க ஸ்டாப்பிங் இல்ல" என்று சொல்லிவிட்டார். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா, "எங்க கிளம்பிட்டீங்க?" என்று விசாரித்தார். "ஓரம் போங்க, வண்டி வருது" என்றார் அப்பா. தரைக்கு வந்து சேர்ந்தபோது தம்பியும் இவரும் அங்கேயே சுவரோரம் சரிந்துவிட்டார்கள். அப்பா மட்டும் தலையைக்கூடக் கலைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். வாடகைக் காரில் அவரை ஏற்றி, நாற்காலியை மேலே கட்டிக்கொண்டு போனோம். தம்பி தன் பைக்கில் பின்னால் வந்தான்.

வீட்டு முன்னால் இறங்கியதும் நான்தான் முதலில் பார்த்தேன். வாசலில் படியைக் காணோம். இருந்த இடத்தில், கேட்டிலிருந்து வாசற்கதவு வரைக்கும் சரிவாக ஒரு சிமெண்ட் பாதை. ஈரம் காய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு பக்கம் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் குழாய். அதன் முனைகூடக் கையைக் கிழிக்காதபடி வளைத்து மழுங்கடிக்கப்பட்டிருந்தது.

அப்பா கைத்தடியை ஊன்றி அந்தச் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தம்பி கை கொடுக்கப் போனான், தள்ளிவிட்டார். ஒரு கையில் தடி, ஒரு கையில் குழாய். யாரையும் திரும்பிப் பார்க்காமல், மெள்ள மெள்ள, தானாகவே ஏறிப் போய் வாசலில் நின்றார்.

கதவைத் திறந்தவர் முடியைக் கட்டையாக வெட்டியிருந்த வயதான அம்மா. சட்டைப் பையில் ஒரு ஸ்குரூ டிரைவர். ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதால் வீட்டை விற்கிறார். "வாங்க, நல்லா சுத்திப் பாருங்க. குறை இருந்தா தயங்காம சொல்லணும்" என்றார்.

அப்பாவைப் புது ஜன்னலோரம் நாங்கள் கொண்டுபோன நாற்காலியையே போட்டு உட்கார வைத்தோம். என் புருஷன் குறை தேடப் புறப்பட்டார். குழாயைத் திறந்தார், மூடினார், சொட்டு விழவில்லை. கூடத்துச் சுவரைத் தட்டினார், தடவினார், முகர்ந்துகூடப் பார்த்தார். ஓதத்தின் சுவடே இல்லை. கதவை ஆட்டினார், அது முனகவில்லை. ஒரு மனிதர் குறை கிடைக்காமல் இவ்வளவு வாடிப்போய் நான் பார்த்ததில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் விலையைக் கேட்டார். அந்த அம்மா பலகையில் இருந்த தொகையைச் சொன்னார். இவர் கை தானாகச் சுழன்றது.

"இந்த விலைக்கு ரெண்டு வீடு வாங்கலாமே!"

மெக்கானிக் அம்மா கண்ணைச் சுருக்கினார். "அடடே, நீங்களுமா?"

"நானுமான்னா?"

"முதல்ல ஒரு பொண்ணு வந்தாங்க தம்பி, பெரிய கறுப்புக் கண்ணாடி. இதே மாதிரி கையச் சுத்தி இதே வார்த்தைய சொன்னாங்க. குழாய் சொட்டுது, சுவர்ல ஓதம்னாங்க. எங்க தொழில்ல குறைன்னு ஒருத்தர் சொல்லிட்டா, அதச் சரி பண்ணாம விமானம் மேல ஏறாது. குழாய மாத்தினேன். சுவரக் கொத்தி மறுபடி பூசினேன். ஆன செலவ விலையில சேத்தேன். அடுத்து ஒரு பையன் வந்தான். அவனும் இதே சுத்து. கூடம் ஒரே இருட்டா இருக்குன்னான். எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. இருந்தாலும் சொல்லிட்டானேன்னு பெரிய ஜன்னலா வெச்சேன். அதையும் சேத்தேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் பார்வை என் தம்பி கையில் இருந்த ஹெல்மெட்டில் போய் நின்றது. கறுப்புக் கண்ணாடி முகமூடி போட்ட ஹெல்மெட்.

"டேய்," என்றேன், "அந்தக் கறுப்பத் தூக்கி விடாமலேயா வீட்டப் பாத்த?"

"அடையாளம் தெரிஞ்சிடுமேன்னு பாத்தேன்க்கா. ஆனா நெஜமாவே இருட்டாத்தான் இருந்துச்சு."

என் புருஷன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

"மூணாவதா ஒரு வியாபாரி" என்று தொடர்ந்தார் அந்த அம்மா. "போன்லதான். கையச் சுத்தினாரான்னு தெரியாது, வசனம் இதேதான். ஏழெட்டு வீடு இருக்குன்னாரு. ஆனா விலையப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தை பேசல. வாசல்ல எத்தன படின்னு கேட்டாரு. ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம்? பிடிச்சுக்க ஏதாவது இருக்கா? படி இருந்தா வேணாம்னாரு. அடுத்த நாள் மறுபடி போன். வாசல்லேர்ந்து பஸ் ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம்? பஸ் வந்து நின்னா முன்கதவு எந்த எடத்துக்கு வரும்? தாழ்தளப் பஸ்ஸா? நான் போய் நின்னு பாத்துட்டு வந்து சொன்னேன். இவ்வளவு அக்கறையா கேக்கறாரேன்னுதான் படிய மூடி சரிவு போட்டேன். ஆனா ஒண்ணு, மனுஷன் போன்ல பேசினா காது கிழிஞ்சிடும்."

அந்த நேரத்தில் எதிரே ஒரு பஸ் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பியது.

"இண்டிகேட்டர் போடுறா!" என்று ஜன்னலோரமிருந்து ஒரு முழக்கம்.

மெக்கானிக் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "இதே குரல்!"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா ஜன்னலைப் பார்த்தார். "சும்மா, விலை எறங்குமான்னு கேட்டுப் பாத்தேன்" என்றார், குரலை இறக்கி. "மாப்பிள்ளைக்கு ஒத்தாசையா இருக்குமேன்னு."

கீழே என்ன இருக்கு என்று என்னிடம் கேட்டவர். நாங்கள் வேலைக்குப் போன பிறகு, நான் எழுதிவைத்திருந்த நம்பரைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு, படி எவ்வளவு உயரம், முன்கதவு எங்கே வரும் என்று விசாரித்திருக்கிறார். பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சமையலறைக்குப் போய்ச் சொட்டாத குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அங்கே வேறு ஒரு கூத்து ஆரம்பித்திருந்தது.

"எல்லாம் ஒரே குடும்பம்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா விலைய ஏத்தியிருக்கவே மாட்டேன்" என்றார் அந்த அம்மா. "முதல்ல போட்ட விலைக்கே எடுத்துக்கோங்க."

முதல் விலை! பல்லைக் கடித்துக்கொண்டால் முடிகிற விலை. நான் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஆனால் யாராவது ஒரு விலையைச் சொன்னால் அதற்குச் சரி என்று சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமே இல்லையே. கை எழுந்தது. பாதியில் நின்றது. இவர் கண் வாசல் சரிவில் இருந்தது.

"முடியாதும்மா" என்றார். "ரொம்பக் கம்மி."

எனக்குத் தலை சுற்றியது.

"எது கம்மி?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நீங்க கேக்கற விலை. உழைப்புக்கு ஒரு மரியாதை வேணாமா? குழாய், சுவர், ஜன்னல், சரிவு, எல்லாத்தையும் சேத்து வாங்கிக்கோங்க."

"குழாய் சொட்டினது என் தப்பு. தப்பத் திருத்தினதுக்குக் காசு வாங்க மாட்டேன்."

"ஜன்னலுக்காவது வாங்குங்க. அது எங்க பையனோட முட்டாள்தனம்."

"அது வந்தப்புறம் எனக்கே நல்லா தெரியுது. அதுக்கும் வேணாம்."

நான் இவர் முதுகில் கிள்ளினேன். வங்கியை நினைவுபடுத்தத்தான். மனிதருக்கு உறைக்கவில்லை, வேகம் வந்துவிட்டது. மேஜையைத் தட்டினார். இன்னும் ஏற்றிக் கேட்டார். அந்த அம்மாவும் விடுகிற ஜாதியில்லை, முதல் விலையிலிருந்தே ஒரு துண்டை உடைத்து இன்னும் இறக்கினார். "கடைசியா சொல்லுங்க" என்றார் இவர். "கடைசி இதுதான்" என்றார் அவர். இவர் கோபமாக எழுந்து வாசல் வரைக்கும் போய், கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து, கூப்பிடாததால் திரும்பி வந்தார்.

"அப்ப சரிவுக்கு மட்டும் வாங்கிக்கோங்க" என்றார். "மத்ததெல்லாம் நீங்க சொல்ற மாதிரி இருக்கட்டும். அந்தச் சரிவுக்குக் காசு வாங்காம நான் இந்த வீட்டுக்குள்ள வர மாட்டேன்."

அந்த அம்மா யோசித்தார். "சரிதான். அது குறை இல்ல, புதுசா சேத்தது. முதல்ல போட்ட விலை, அதோட சரிவுக்கு ஆன சிமெண்ட் காசு. முடிஞ்சுது."

என் புருஷன் வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்ட விலைக்கு மேல் கொடுத்து ஒரு பொருளை வாங்கினார். ஜெயித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். சிமெண்ட் காசை வங்கிக்குத் தெரியாமல் எப்படியாவது புரட்டிக்கொள்ளலாம் என்று நானும் சிரித்துவிட்டேன்.

"அப்பா, முடிஞ்சுதுப்பா!" என்று திரும்பினேன். ஜன்னலோரம் நாற்காலி மட்டும் இருந்தது. அதன் நாடா தரையில் கிடந்தது. அறைகளில் இல்லை. குளியலறையில் இல்லை.

"அப்பா எங்க?" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்க அவசியமே இருந்ததில்லை.

வெளியே ஓடினோம். கேட்டு திறந்திருந்தது. எதிரே ஒரு தாழ்தளப் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. டிரைவருக்குப் பின் சீட்டில் இஸ்திரி போட்ட சட்டை. வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. தம்பி ஹெல்மெட்டோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினான். தன் பைக் பக்கத்திலேயே நிற்பது அவனுக்குத் தெருமுனையில்தான் ஞாபகம் வந்தது.

"பதறாதீங்க. அது வட்டம் போடற பஸ். சுத்தி இங்கேயேதான் வரும். அதையும் அவர் என்கிட்ட போன்ல கேட்டு வெச்சுக்கிட்டாரு" என்றார் மெக்கானிக் அம்மா.

சரிவில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தோம். பஸ் வந்து நின்றது. அப்பா இறங்கவில்லை. ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்து ஒரு விரலை மட்டும் காட்டினார். இன்னும் ஒரு சுற்று.

கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். "உங்க பெரியவரா? டிக்கெட் கேட்டா பதிலே இல்ல. டிரைவருக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருக்காரு. இன்னொரு சுத்து வேணுமாம். யாரு காசு குடுக்கறது?"

என் புருஷன் எழுந்து போனார். நான் அவருடைய வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுழலவில்லை. சட்டைப் பைக்குள் போய், இருந்ததையெல்லாம் அள்ளிக் கண்டக்டரிடம் நீட்டியது.

எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை.